மடியில் வைத்த கைகள்

ஜூன் 14, புதன்

காலை ஆறரை பஸ்ஸில் அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போனோம். என் மகள் ஆதிரையின் காது மெஷினை இயக்கிவைக்கும் நாள். அறுவை சிகிச்சைக் காயம் ஆறிவிட்டது. காதுக்குள் வைத்த கருவி உள்ளே இருக்கிறது. வெளியே காதில் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் நாணயம் போல ஒரு வில்லை. அது காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொள்கிறது.

கம்ப்யூட்டரில் ஒரு பெண் எதையோ தட்டினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆதிரை வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட்டை அப்படியே நிறுத்தினாள். கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழுதாள். மூன்றரை வயதில் அவளுக்கு வந்த முதல் சத்தம். என் மனைவி சுபாஷிணியும் அழுதாள். நான் வில்லையை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேச்சுப் பயிற்சி தருபவர் பெயர் மெர்லின். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குரலை உயர்த்தாமல் கண்டிப்பாகப் பேசுகிறார்.

"சொந்தத்துல கல்யாணமா சார்?"

"ஆமா. தாய்மாமா பொண்ணு."

எழுதிக்கொண்டார்.

"குடும்பத்துல வேற யாருக்கும் காது கேக்காம இருக்கா?"

"என் தங்கச்சிக்கு. பிறவியிலேயே."

"உங்க கூடத்தான் இருக்காங்களா?"

"வருவா, போவா."

விதிமுறைகளைச் சொன்னார். குழந்தை முழித்திருக்கும் நேரமெல்லாம் மெஷின் காதில் இருக்க வேண்டும். உதட்டைப் பார்த்து ஊகிக்கக் கூடாது என்பதால் நாங்கள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேச வேண்டும். கைபாஷை கூடாது. "கைல ஒரு வழி திறந்திருந்தா காது சோம்பேறியாயிடும் சார். ஒரு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. அவ கை ரெண்டும் மடில இருக்கணும்."

வீட்டுக்கு வந்தபோது தங்கை செண்பகம் வாசலிலேயே நின்றிருந்தாள். காதைத் தொட்டு, முகவாயை உயர்த்தினாள். கேட்டதா என்று அர்த்தம். தலையாட்டினேன். ஆதிரையைத் தூக்கிச் சுற்றினாள். விதிமுறைகளை அவளிடம் சொல்ல நேரம் அமையவில்லை.

"வருவா, போவா" என்றது தவறான தகவல். செண்பகத்துக்கு முப்பத்தாறு வயது. இந்த வீட்டை விட்டு ஓர் இரவு வெளியே தங்கியதில்லை.

ஜூன் 17, சனி

எங்கள் வீட்டுக் கைபாஷை எங்கும் போய்க் கற்றதல்ல. எனக்கு ஏழு வயது, அவளுக்கு இரண்டு இருக்கும்போது நாங்கள் இருவரும் உண்டாக்கியது. உள்ளங்கையில் விரலால் கிறுக்கினால் நான். அப்போது வீட்டுப்பாடம் எழுதுவேன், இப்போது செய்தி எழுதுகிறேன். மூக்குத்தியைத் தொட்டால் சுபாஷிணி. இரண்டு விரலைக் கத்தரிபோல் அசைத்தால் செண்பகம், அவள் தையல்காரி. கன்னத்தைக் கிள்ளினால் ஆதிரை. உதட்டில் விசில் வைத்தால் பஸ். கட்டை விரலைத் தோளுக்குப் பின்னால் எறிந்தால் நேற்று.

செண்பகம் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அப்பா நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவளுக்கும் ஊருக்கும் இடையில் நான்தான். டாக்டரிடம் அவள் வயிற்றுவலியைச் சொன்னது நான். இரண்டு முறை பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசியதும் நான்.

ஆதிரைக்கு எட்டு மாதத்திலிருந்து இந்தப் பாஷை வந்துவிட்டது. நான் ஊர் சுற்றும் வேலையில் இருந்தேன், சுபாஷிணி அப்போது பள்ளிக்கு ஆசிரியை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஆதிரை அத்தையிடம்தான் கற்றாள். இன்று காலை என்னிடம் சொன்னாள்: நேற்று, பூனை, வாளியில் விழுந்தது, ஏறியது, மறுபடி விழுந்தது, அத்தை சிரித்தாள், பூனைக்குக் கோபம். கோபத்துக்குப் பூனையின் முகத்தையே வைத்துக் காட்டினாள். நான் சிரித்தேன்.

சுபாஷிணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தான், கை" என்றாள்.

ஜூன் 21, புதன்

இரண்டாவது பயிற்சி. ஆறு சத்தம்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். மெர்லின் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சத்தம் எழுப்புவார். கேட்டதும் ஆதிரை கையிலுள்ள மணியை டப்பாவில் போட வேண்டும். இரண்டு முறை போட்டாள். மூன்றாம் முறை மணியைக் கீழே வைத்துவிட்டு மெர்லினிடம் பேச ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஆடு ஏறியது, கண்டக்டர் திட்டினார், ஆடு டிக்கெட் வாங்கவில்லை. உண்மையில் நடந்தது. காரியாபட்டியில் ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறினார்.

மெர்லின் பார்க்கவில்லை. பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். குழந்தையின் இரண்டு கைகளையும் மெதுவாகப் பிடித்து மடியில் வைத்தார். ஆதிரை எடுத்தாள். மறுபடி வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"வருவாங்க, போவாங்கன்னு சொன்னீங்க. இந்தப் பிள்ளைக்கு ஒரு முழு பாஷையே இருக்கே சார்."

"அது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. எனக்குச் சொல்லிக்கொடுத்தது இப்படித்தான். இது போனாத்தான் அது வரும்."

திரும்பும்போது பஸ்ஸில் பந்தல்குடி சாலை திருப்பம் வந்ததும் சுபாஷிணி சொன்னாள்: "மதினி மேல எனக்கு என்ன வஞ்சம்? சின்னப் பிள்ளையிலருந்து கூடவே திரிஞ்சவ நான். ஆனா அத்தான், நாளைக்கு ஆதிரைக்கும் ஒரு அண்ணன் இருந்துதான் எல்லாத்தையும் சொல்லணும்னு ஆயிரக் கூடாது. அவளுக்கு அண்ணனும் கிடையாது."

அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் 26, திங்கள்

மல்லிகை விலை ஏற்றம் பற்றி ஒரு செய்தி, பேருந்து நிலையக் கடைகள் பற்றி ஒரு செய்தி அனுப்பினேன். செண்பகத்திடம் இன்னும் பேசவில்லை.

ஜூலை 1, சனி

திண்டுக்கல் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் இருக்கிறது. காது கேளாத பெண்கள் கொஞ்சம் பேர் வேலை செய்கிறார்கள், தங்குவதற்கு விடுதியும் உண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னார். போனில் பேசினேன். தையல் தெரிந்தவர் என்றால் உடனே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த வார ஞாயிறு செண்பகத்தைக் கொண்டுவந்து விடுவதாக முடிவு செய்யப்பட்டது.

சுபாஷிணி கேட்டாள், "மதினிகிட்ட காரணத்தச் சொல்லிட்டீகளா?"

"சொல்றேன்."

ஜூலை 3, திங்கள்

சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

அவள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன்: பெரிய கம்பெனி. நீ தைத்த ஜாக்கெட்டைப் பார்த்தார்கள். யார் தைத்தது என்று கேட்டார்கள். நீ வேண்டும் என்கிறார்கள்.

செண்பகம் நெஞ்சில் விரலை வைத்துக் கேட்டாள், நானா? நீதான் என்றேன். யார் பார்த்தார்கள், எந்த ஜாக்கெட், கை வைத்ததா, கழுத்து எப்படி என்று கேட்டாள். நீலக் கலர், பின்னால் கயிறு வைத்தது என்றேன். யோசித்து, நினைவு வந்ததுபோல் தலையாட்டினாள். அப்படி ஒரு ஜாக்கெட் அவள் தைத்திருக்கக்கூடும்.

ஆதிரை அழுவாளே என்றாள். அழமாட்டாள், பார்க்க வருவோம் என்றேன்.

இந்தப் பாஷையில் நான் அவளிடம் பொய் சொல்வது இது முதல் தடவையா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது முறை பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்றபோது, மாப்பிள்ளை வேலை சரியில்லை, நாம்தான் வேண்டாம் என்றோம் என்று சொல்லியிருக்கிறேன். அது வேறு விஷயம்.

ஜூலை 9, ஞாயிறு

செண்பகத்தை விட்டுவிட்டு வந்தேன். போவதற்கு முன் ஆதிரைக்கு நான்கு கவுன் தைத்து வைத்தாள். ஒன்று இப்போதைய அளவு, மற்றவை ஒன்றைவிட ஒன்று பெரிது.

விடுதி சுத்தமாக இருக்கிறது. வார்டன் பேச்சு தன்மையாக இருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். மிக வேகம். செண்பகம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்குத் தெரியாத பேச்சு என்று ஒன்றை அவள் பார்த்ததில்லை.

ஜெஸிந்தா என்ற பெண் வந்து அவளது பையை வாங்கிக்கொண்டாள். நான் கிளம்பினேன்.

ஜூலை 10, திங்கள்

ஆதிரை எழுந்ததும் தையல் மெஷின் இருந்த இடத்துக்குப் போனாள். அங்கே இப்போது பயிற்சிக்கான சிறு மேசையும் நாற்காலியும் போட்டிருக்கிறோம். திரும்பி வந்து என்னிடம் இரண்டு விரலைக் கத்தரித்தாள். உள்ளங்கையை விரித்தாள். அத்தை எங்கே?

வாயை மறைத்துக்கொண்டு சொன்னேன், "அத்தை ஊருக்குப் போயிருக்கா."

மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். என் வாயிலிருந்து கையை விலக்கப் பார்த்தாள். உள்ளே எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். மூன்றாம் முறை அவள் விரல்கள் எழுந்தபோது நான் இரண்டு கையையும் பிடித்து மடியில் வைத்தேன். மெர்லின் வைப்பதுபோல மெதுவாகத்தான் வைத்தேன்.

ஜூலை 13, வியாழன்

கேட்கிறாள். வில்லையைப் பிடுங்கி எறிகிறாள். சுபாஷிணி எடுத்து ஒட்டுகிறாள். நாள் முழுக்க இதே வேலை.

ஜூலை 18, செவ்வாய்

தெரு முனை வீட்டு முத்தம்மா அக்கா வந்தார். "எங்கப்பா உன் தங்கச்சி? தீவாளிக்குத் தச்சது கையி இறுக்குது. உம் பொண்டாட்டி பிரிச்சுத் தருவாளா, இல்ல நீ பேப்பர்ல போடுவியா?"

"வேலைக்குப் போயிருக்காக்கா. திண்டுக்கல்லுக்கு."

"வேலைக்கா? அந்தப் பிள்ளையா? யாரு பேசுவா அதுக்கு அங்கிட்டு?"

சுபாஷிணி மோர் கொண்டுவந்து கொடுத்துப் பேச்சை மாற்றினாள்.

ஜூலை 23, ஞாயிறு

செண்பகம் ஜெஸிந்தாவின் போனிலிருந்து வீடியோ காலில் வந்தாள். மாடிக்குப் போய் எடுத்தேன். ஆதிரையைக் காட்டு என்றாள். தூங்குகிறாள் என்றேன். மாலை ஆறு மணி. கீழே ஆதிரை டப்பாவில் மணி போடும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை 29, சனி

பத்து நாளாக அத்தையைக் கேட்கவில்லை என்று சுபாஷிணி சொன்னாள். மெர்லினிடம் தெரிவித்தோம். "பாத்தீங்களா, மாறிட்டா" என்றார். மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம்.

ஆகஸ்ட் 12, சனி

இன்று பயிற்சி அறையில், ஆதிரை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது மெர்லின் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பினாள். மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் திரும்பினாள். சுபாஷிணி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

திரும்பும் வழியில் மாட்டுத்தாவணியில் அவளே சொன்னாள், "அத்தான், மதினியும் பாத்திருக்கலாம்."

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வீடியோ கால். தூங்குகிறாள் என்றேன். வெளியே போயிருக்கிறாள் என்று இரண்டு வாரம் முன்பு சொன்னேன்.

செண்பகத்தின் கைகளில் ஏதோ மாற்றம். சில அசைவுகள் எனக்குப் புரியவில்லை. நிறுத்தி, பழைய மாதிரி திரும்பச் சொன்னாள். அங்கே உள்ளவர்களுக்கு எழுத்துகளுக்குக்கூட விரல் இருக்கிறதாம். அவள் பெயரை விரலால் எழுதிக் காட்டினாள். முப்பத்தாறு வயதில் தன் பெயரை முதல் தடவையாகச் சொல்கிறாள். கத்தரி விரல் நான் கொடுத்த பெயர்.

செப்டம்பர் 6, புதன்

முதல் சொல். "பூ."

சுபாஷிணி தலையில் வைத்திருந்ததைக் காட்டி ஆதிரை சொன்னாள். அரைகுறையாக, உதடு குவித்து, ஆனால் சொன்னாள். பாயசம் வைத்தோம். மெர்லினுக்கு போன் செய்தோம். ஆதிரைக்கு எதற்கு இந்தக் கூத்து என்று தெரியவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அப்படித் தொடைக்கு அடியில் வைக்க நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே வைக்கிறாள்.

செப்டம்பர் 23, சனி

"அம்மா", "பால்", "வா", "போ". சுபாஷிணி நோட்டில் தேதியோடு எழுதுகிறாள். "அப்பா" இன்னும் வரவில்லை. தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு சொல்கிறேன். "ப்பா வரது கொஞ்சம் லேட்டாகும் சார், அம்மா கூடவே இருக்காங்கல்ல" என்று மெர்லின் ஆறுதல் சொன்னார். உண்மையில் ப்பா அவளுக்கு வருகிறது. பப்பாளி வேண்டும் என்றால் "பப்பா" என்கிறாள்.

முன்பு ஒரு மாலை வேளையில் பூனை விழுந்தது, ஏறியது, கோபப்பட்டது என்று முழுக் கதை சொன்னவள். இப்போது ஐந்தாறு சொல். பூனை இன்றைக்கும் சமையலறை ஜன்னலில் மாட்டிக்கொண்டு கத்தியது. ஆதிரை அதைப் பார்த்தாள். சத்தமும் கேட்டது அவளுக்கு, திரும்பினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

இன்று வேலை அதிகம். எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

செண்பகம் தீபாவளிக்கு வருகிறாள். ஜெஸிந்தாவையும் அழைத்து வருகிறாள், அவளுக்கு வீட்டில் யாருமில்லை. மூன்று நாள் விடுமுறை.

சுபாஷிணியிடம் சொன்னேன். "வரட்டும். நம்ம வீட்டுப் பிள்ளை. தீவாளிக்கு வர வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கையி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

நவம்பர் 11, சனி

மதியம் வந்துசேர்ந்தார்கள். செண்பகம் மெலிந்திருக்கிறாள், ஆனால் நிமிர்ந்து நடக்கிறாள். பஸ் நிலையத்திலிருந்து வரும் வழி முழுக்க இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் பை தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். ஒரு இடத்தில் செண்பகம் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். புரியவில்லை. மறுபடி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். டீ குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆதிரையை வாரி எடுத்தாள். ஆதிரை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், இறுக்கமாக, வெகுநேரம். அப்போது சமையலறையிலிருந்து சுபாஷிணி, "ஆதிரை, இங்க வா" என்று கூப்பிட்டாள். ஆதிரை தோளிலிருந்து தலையை எடுத்துத் திரும்பினாள்.

செண்பகம் உறைந்து நின்றாள். சுபாஷிணி அவள் கண்ணில் படவில்லை. கூப்பிட்டாளா என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். குழந்தையை இறக்கிவிட்டு, சுவரைப் பார்க்க நிறுத்தி, இன்னொரு தடவை கூப்பிடச் சொல் என்றாள். சுபாஷிணி கூப்பிட்டாள். ஆதிரை திரும்பினாள். இன்னொரு தடவை. கதவைச் சாத்திவிட்டு. மாடியிலிருந்து. செண்பகத்தின் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, சிரித்துக்கொண்டே இருந்தாள். ஜெஸிந்தாவின் தோளை உலுக்கி உலுக்கிச் சொன்னாள். என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு நன்றி சொல்கிறாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

எண்ணெய்க் குளியல் முடிந்தது. வெடிச் சத்தத்துக்கு ஆதிரை பயந்ததால் மெஷினைக் கழற்றி வைத்தோம். அதன் பிறகு அமைதியாக மத்தாப்பு பார்த்தாள். செண்பகம் எதிரில் உட்கார்ந்து, மத்தாப்பு, பூனை, வால், தீ என்று ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். ஆதிரை சிரித்தாள். பதில் சொல்லவில்லை. கைகள் தொடைக்கு அடியில் இருந்தன.

செண்பகம் நிறுத்தினாள். இன்னொன்று கேட்டாள். பலகாரம் வேண்டுமா? தலையாட்டினாள். எது? ஆதிரை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள்.

செண்பகம் என் பக்கம் திரும்பினாள். இவள் கைக்கு என்ன ஆயிற்று? அடிபட்டதா?

இல்லை என்றேன். டாக்டர் சொன்னார், கொஞ்ச நாளைக்கு என்றேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். சுபாஷிணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இந்த நேரத்தில் ஜெஸிந்தா ஆதிரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, விரல்களால் மயில், நண்டு, யானை செய்து காட்டிக்கொண்டிருந்தாள். நானும் செண்பகமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. ஆதிரையின் கைகள் வெளியே வந்திருந்தன. எனக்கு முதுகைக் காட்டி, ஜெஸிந்தாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். வெளியாள், அவளிடம் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று நினைத்திருக்கலாம்.

நான் நகர்ந்து பார்த்தேன். தன் இரண்டு கைகளையும் காட்டினாள். அழுக்கை உதறுவதுபோல் உதறினாள். எங்கள் பாஷையில் கெட்டது. கத்தரி விரல். உதட்டில் விசில். பிறகு கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, ஒரு கணம் உட்கார்ந்து, மறுபடி எடுத்துக் கத்தரி விரலை வாசலிலிருந்து தன் பக்கம் கொண்டுவந்தாள்.

என் கை கெட்டது, அதனால் அத்தை பஸ் ஏறிப் போய்விட்டாள். கையை வைத்துக்கொண்டேன். அத்தை வந்துவிட்டாள்.

ஜெஸிந்தாவுக்கு எங்கள் பாஷை தெரியாது. சிரித்துக்கொண்டே செண்பகத்தைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கே புரிந்தது. செண்பகம் அதை மொழிபெயர்க்கவில்லை. என்னைச் சுட்டிக்காட்டினாள். நீ சொல்.

ஜெஸிந்தாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். போனை வாங்கித் தட்டினேன். "தான் கையால் பேசியதால்தான் அத்தை போய்விட்டாள் என்று சொல்கிறாள்." படித்தாள். சிரிப்பு நின்றது. பதிலுக்குத் தட்டினாள்: "யார் சொன்னது குழந்தையிடம்?"

யாரும் சொல்லவில்லை என்று தட்டினேன். அது சரியான தகவல். அழித்தேன். பிறகு எழுதினேன்: "செண்பகத்தை யாரும் தேடி வரவில்லை. நான்தான் அனுப்பினேன். குழந்தை கைபாஷையை மறக்க வேண்டும் என்று."

அவள் படித்துவிட்டுச் செண்பகத்துக்குச் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். செண்பகம் இடையில் கேள்வி கேட்டாள், அவள் பதில் சொன்னாள். என்னைப் பற்றி, என் கண்ணெதிரில், எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத பேச்சு. நான் எந்த அசைவு என்றுகூடத் தெரியவில்லை.

முடிந்ததும் செண்பகம் என் பக்கம் திரும்பி, பழைய பாஷையில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

நீல ஜாக்கெட்?

இல்லை என்றேன்.

நவம்பர் 13, திங்கள்

காலையிலேயே கிளம்பினார்கள். இங்கேயே இரு, நாளையே தையல் மெஷினைப் பழைய இடத்தில் போடுகிறேன் என்று சொன்னேன். செண்பகம் வேண்டாம் என்றாள். கோபத்தில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அங்கே பேச நிறைய இருக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு நீ வா என்றாள். நீ என்பதை இரண்டு முறை சொன்னாள்.

போகும் முன் ஆதிரையின் கைகளை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் முகத்தை வைத்தாள்.

சுபாஷிணி இரவு முழுக்கத் தூங்கவில்லை. "நீங்க மட்டுமா அனுப்புனீக? நானுந்தான அத்தான்" என்றாள். அதை என்னால் மறுக்கவும் முடியவில்லை, ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. நீல ஜாக்கெட் என்னுடையது.

நவம்பர் 15, புதன்

மெர்லினிடம் முழுவதையும் சொன்னோம். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். ஆதிரை அத்தையைக் கேட்கவில்லை என்றதும் தான் பாராட்டியதை அவரே நினைவுபடுத்தினார்.

"எனக்குச் சொல்லிக்கொடுத்ததத்தான் நான் சொன்னேன் சார். ரெண்டும் இருக்கட்டும்னு சொல்றவங்களும் இருக்காங்க. எது சரின்னு நான் இப்ப அடிச்சுச் சொல்ல மாட்டேன்." பிறகு, "வீட்ல கை வேணாம்னு சொன்னேன். ஆள அனுப்புங்கன்னு நான் சொல்லல சார்" என்றார்.

சொல்லவில்லைதான்.

நவம்பர் 24, வெள்ளி

பத்து நாளாக வீட்டில் நானே முதலில் கையால் பேசுகிறேன். சோறு, பூனை, மழை, அத்தை. ஆதிரை பார்க்கிறாள். என் கைகள் ஓய்ந்ததும் மெஷினைத் தொட்டுக் காட்டுகிறாள். சரியாக மாட்டியிருக்கிறேன், பார் என்பதுபோல.

டிசம்பர் 3, ஞாயிறு

மூவரும் விடுதிக்குப் போனோம். மதுரையில் பஸ் மாறி, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பூண்டு உரித்தார்கள், ஒருத்திக்கு இன்னொருத்தி தலை பின்னினாள். செண்பகம் ஆதிரையை நடுவில் உட்காரவைத்தாள்.

எனக்கும் பாடம் தொடங்கியது. ஜெஸிந்தா என் விரல்களைப் பிடித்து வளைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தாள். தவறு செய்தபோது எல்லாரும் சிரித்தார்கள். தலை பின்னிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து எதையோ சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதானது. என்னவென்று செண்பகத்திடம் கேட்டேன். அவள் சொல்லவில்லை.

சுபாஷிணியும் நானும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆதிரை எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். கைகள், தோள், முகம், எல்லாம் பேசின. பாதி எங்கள் பாஷை, பாதி காலையில் பிடித்த அவர்கள் பாஷை. பூனை அதில் இருந்தது. ஜன்னலில் மாட்டிக்கொண்ட பூனை. செப்டம்பரில் நடந்தது. அவள் மறக்கவில்லை, சொல்ல ஆளில்லாமல் வைத்திருந்திருக்கிறாள். காதில் மெஷின் சரியாக இருந்தது, வில்லையும் ஒட்டியிருந்தது. வெளியே லாரி ஹாரன் அடித்தபோது திரும்பிப் பார்த்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

சுபாஷிணியிடம், "நீ இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வட்டத்தின் ஓரத்தில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். பூனைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கையால் கேட்டேன்.

ஆதிரை என்னைப் பார்த்தாள். பேச்சு நின்றது. மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்தாள், ஒன்றின் மேல் ஒன்றாக. என் முகத்தைப் பார்த்தபடியே உதடுகளைச் சேர்த்தாள்.

"அப்பா" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். நான் கேட்க விரும்பியது அதைத்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.